பயப்படுகிற நாளில் முறையிடப் பழகுவது: சங்கீதங்களைப் புதிதாகக் கையிலெடுப்பவர்களுக்கு

மாதக் கடைசியில் கையில் பணம் இல்லை. அம்மாவின் ஸ்கேன் முடிவு நாளைக்கு வரும். வேலையில் மேலாளரின் முகம் ஒரு வாரமாகச் சரியில்லை. இப்படிப்பட்ட நாளில் ஒருவர் தோளைத் தட்டி “கர்த்தரை நம்புங்க” என்கிறார். நாமும் தலையை ஆட்டுகிறோம். ஆனால் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திய பிறகு, நம்புவதற்கு முதலில் என்ன செய்ய வேண்டும் என்பது தெரியவில்லை. பயம் போகவில்லையே, அப்படியென்றால் எனக்கு விசுவாசம் இல்லையோ என்று இன்னொரு பாரமும் சேர்ந்துகொள்கிறது.

அந்த இரண்டாவது பாரத்தை முதலில் இறக்கி வையுங்கள். “நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்” என்கிறது வேதாகமத்தின் ஜெபப் பாடல்களில் ஒன்றான சங்கீதம் 56:3 (56-ஆம் சங்கீதம், 3-ஆம் வசனம்). பயம் போன பிறகு நம்புவேன் என்று அங்கே இல்லை. பயமும் நம்பிக்கையும் ஒரே நாளில், ஒரே வாயில் இருக்கின்றன. வேதாகமத்தில் உள்ள 150 சங்கீதங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் முறையீடுகள்தான்: அழுகை, கேள்வி, “ஏன் தாமதம்?” என்ற குரல். அந்த முறையீடுகளை எடுத்து, படிப்படியாக நம்முடைய ஜெபமாக்கிக்கொள்வதற்கான வழி இது. ஒரு நாளைக்கு 15 நிமிடம் போதும்.

தொடங்கும் முன்

ஒரு வேதாகமம் வேண்டும். சபைகளில் பரவலாக இருக்கும் பழைய மொழிபெயர்ப்பில், அதற்குள் நாம் வாசிக்கப்போகும் புத்தகத்தின் பெயர் “சங்கீதம்”. கத்தோலிக்க இல்லங்களில் இருக்கும் 1995-ஆம் ஆண்டின் திருவிவிலியத்தில் “திருப்பாடல்கள்”. எண்கள் இரண்டிலும் ஒன்றுதான். மிகப் பழைய கத்தோலிக்கப் பதிப்பு கையில் இருந்தால் எண் பெரும்பாலும் ஒன்று குறைவாக இருக்கும். 23-ஆம் சங்கீதம் அங்கே 22. பழைய மொழிபெயர்ப்பு “கிருபை” என்கிற இடத்தில் திருவிவிலியம் பெரும்பாலும் “பேரன்பு” என்கிறது. இரண்டும் வீட்டில் இருந்தால் இரண்டையும் திறந்து வையுங்கள். ஒன்றில் புரியாதது மற்றதில் திறக்கும்.

திறக்கும் என்பதற்கு ஓர் உதாரணம். சங்கீதம் 121 பழைய மொழிபெயர்ப்பில் “எனக்கு ஒத்தாசை வரும் பர்வதங்களுக்கு நேராக என் கண்களை ஏறெடுக்கிறேன்” என்று தொடங்குகிறது. ஒத்தாசை என்றால் உதவி, பர்வதம் என்றால் மலை. உதவி மலையிலிருந்து வருவதுபோல ஒலிக்கிறது அல்லவா? எபிரெய மூலத்தில் அது ஒரு கேள்வி: மலைகளைப் பார்க்கிறேன், எங்கிருந்து எனக்கு உதவி வரும்? திருவிவிலியத்தில் அந்தக் கேள்வி வெளிப்படையாகவே இருக்கிறது. அடுத்த வசனம் அதற்குப் பதில்: வானத்தையும் பூமியையும் உண்டாக்கின கர்த்தரிடத்திலிருந்து. கேள்வி என்று தெரிந்துவிட்டால், அதே கேள்வியோடு உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு இந்தச் சங்கீதம் வேறு மாதிரி கேட்கும்.

இன்னும் சில சொற்களைத் தெரிந்து வைத்துக்கொண்டால் வழியில் தடுக்காது. “நான் தாழ்ச்சியடையேன்” என்றால் எனக்கு ஒன்றும் குறைவுபடாது. “இராகத் தலைவன்” பாடகர் குழுவை நடத்துபவர். “சேலா” பாடும்போதோ இசைக்கும்போதோ கவனிக்க வேண்டிய ஒரு குறிப்பு என்று கருதப்படுகிறது. வாசிக்கும்போது அந்த இடத்தில் ஒரு மூச்சு நிறுத்துங்கள், போதும். “என் கண்ணீரை உம்முடைய துருத்தியில் வையும்” (56:8) என்று வரும் துருத்தி, கொல்லன் பட்டறையில் காற்று ஊதுகிற துருத்தி அல்ல. தண்ணீர் கொண்டுபோகிற தோல் பை. வறண்ட நாட்டில் ஒரு சொட்டும் வீணாகாமல் சேர்த்து வைக்கிற பை அது. அந்தப் பையில் என் கண்ணீரைச் சேர்த்து வையும் என்று சங்கீதக்காரர் கேட்கிறார்.

ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். கைபேசியில் வாசிப்பதில் தவறில்லை. ஆனால் மேலே வங்கியின் குறுஞ்செய்தி ஒன்று வந்து நின்றால் ஜெபம் அங்கேயே முடிந்துவிடும். கைபேசிதான் வழி என்றால் இணையத்தை அணைத்துவிடுங்கள்.

முதல் வேலை: கஷ்டத்தை ஒரே வரியில் எழுதுவது

“எல்லாமே பிரச்சினையா இருக்கு” என்று எழுதாதீர்கள். அப்படி எழுதினால் ஜெபமும் புகைமூட்டமாகவே இருக்கும். தேதி, தொகை, உறவு, இடம் எல்லாம் வரட்டும். “15-ஆம் தேதிக்குள் பாப்பாவுக்கு இரண்டாம் தவணைக் கட்டணம் 18,500 ரூபாய் கட்ட வேண்டும். கையில் 11,000 இருக்கிறது. 7,500 குறைகிறது.” அவ்வளவுதான். பல கஷ்டங்கள் இருந்தால் இன்று தூக்கத்தைக் கெடுப்பது எதுவோ அதை மட்டும் எழுதுங்கள். மற்றவை நாளைக்கு.

இதை எழுதும்போதே பாரம் கொஞ்சம் குறைவதைப் பலரும் உணர்வார்கள். மனதுக்குள் அது எல்லையில்லாத ஒன்றாகச் சுற்றிக்கொண்டிருந்தது; தாளில் அது 7,500 ரூபாய்.

இரண்டாவது: எந்தச் சங்கீதம்?

புத்தகத்தைக் கண்ணை மூடித் திறந்து விரல் வைக்கும் இடத்தை வாசிப்பது வேண்டாம். தேவைக்கு ஏற்றதைத் தேர்ந்துகொள்ளலாம்.

தூக்கம் வராத இரவுக்கு 4. தாவீது ராஜா தன் சொந்த மகன் அப்சலோமுக்குத் தப்பி ஓடியபோது பாடியதாகத் தலைப்பு சொல்லும் 3, விழித்தெழும் காலைக்கு. இரண்டும் எட்டெட்டு வசனங்கள்தான். பயம் நெஞ்சை அடைக்கும்போது 27 அல்லது 56. மாதக்கணக்கில் பதில் வராமல் காத்திருப்பவர்களுக்கு 13. ஆஸ்பத்திரி வராந்தாவில் இரவு விழித்திருப்பவர்களுக்கு 130. அதில் விடியலுக்காகக் காத்திருக்கும் ஜாமக்காரர், அதாவது இரவுக் காவலர், வருகிறார். கூடவே இருந்தவரே முதுகில் குத்திவிட்டால் 55. நேர்மையாக இருந்து என்ன கண்டேன், அடுத்த வீட்டுக்காரன் நன்றாகத்தானே இருக்கிறான் என்று மனம் குமுறும்போது 73. தவறு நம்முடையது என்று தெரிந்தால் 32 அல்லது 51. பிள்ளை வெளியூருக்கோ வெளிநாட்டுக்கோ கிளம்பும்போது 121.

வாயைத் திறந்து ஜெபிக்கவே முடியாத நாளுக்கு 88 இருக்கிறது. பெரும்பாலான முறையீடுகள் கடைசியில் துதியில் போய் முடியும். இது அப்படி முடிவதில்லை. நண்பர்களும் அறிமுகமானவர்களும் விலகிப்போன இருட்டோடு 18-ஆம் வசனத்தில் நின்றுவிடுகிறது. அப்படி ஒரு ஜெபமும் வேதாகமத்துக்குள் இருக்கிறது என்பதே சிலருக்கு ஆறுதல். இன்று நன்றி சொல்ல முடியவில்லை என்றால் கர்த்தர் கதவை மூடிவிட மாட்டார்.

முதல் வாரத்துக்கு 13-ஐ எடுத்துக்கொள்ளச் சொல்வோம். ஆறே வசனங்கள். முறையீட்டின் எல்லா உறுப்புகளும் அதில் இருக்கின்றன.

மூன்றாவது: வாய்விட்டு வாசிப்பது

மூன்று முறை வாசியுங்கள். பக்கத்து அறைக்குக் கேட்க வேண்டியதில்லை, உங்கள் காதுக்குக் கேட்டால் போதும். இவை கூடிப் பாடுவதற்காகவும் எழுந்தவை. கண்ணால் மட்டும் ஓட்டினால் பாதிதான் கிடைக்கும்.

முதல் முறை சும்மா வாசியுங்கள். இரண்டாம் முறை, திரும்பத் திரும்ப வரும் சொல் எது என்று பாருங்கள். 13-இல் அது “எதுவரைக்கும்”. இரண்டே வசனங்களுக்குள் நான்கு முறை வருகிறது. எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்? எதுவரைக்கும் உம்முடைய முகத்தை எனக்கு மறைப்பீர்? பிறகு தன் மனச் சஞ்சலம் எதுவரைக்கும், சத்துருவின் கை ஓங்கியிருப்பது எதுவரைக்கும். கேள்விகள் யாரைப் பற்றி என்று வரிசையாகப் பாருங்கள்: முதல் இரண்டும் கர்த்தரைப் பற்றி, அடுத்தது தன்னைப் பற்றி, கடைசியாகத்தான் எதிராளி. நாம் பெரும்பாலும் தலைகீழாகச் செய்கிறோம். எதிராளியில் தொடங்கி, அவரைப் பற்றியே பேசி, அங்கேயே முடித்துவிடுகிறோம்.

3-ஆம் வசனத்தில் வேண்டுதல் வருகிறது: நோக்கிப்பாரும், செவிகொடும், என் கண்களைத் தெளிவாக்கும். இந்தக் கண் தெளிவது அறிவு விளங்குவது மட்டும் அல்ல. 1 சாமுவேல் 14-இல் யோனத்தான் நாளெல்லாம் சாப்பிடாமல் போர் செய்து களைத்துப்போய், கோலின் நுனியால் கொஞ்சம் தேனைத் தொட்டு வாயில் வைக்கிறான். “அவன் கண்கள் தெளிந்தது” என்கிறது வசனம். பசியில் இருண்டு வந்த கண்ணுக்கு ஒளி வருவதுதான் அது. ஆகவே இந்த வரியை ஜெபிக்கும்போது உடம்புக்கான பலத்தையும் கேட்கலாம். வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்பவர்கள் கட்டாயம் கேட்க வேண்டியது இது.

பிறகு 5-ஆம் வசனம்: “நான் உம்முடைய கிருபையின்மேல் நம்பிக்கையாயிருக்கிறேன்.” 4-க்கும் 5-க்கும் நடுவில் பிரச்சினை தீர்ந்ததாக ஒரு சொல்லும் இல்லை. பணம் வரவில்லை, சத்துரு போகவில்லை. மறந்துவிட்டீரா என்று கேட்டவரேதான் இதையும் சொல்கிறார். மறந்துவிட்டீரா என்று அவரிடமே போய்க் கேட்டதில்தான் அந்த நம்பிக்கை தொடங்கியிருக்கிறது. அவர் கேட்க மாட்டார் என்று நினைப்பவர் கேள்வி கேட்கமாட்டார், எழுந்து போய்விடுவார்.

மூன்றாம் முறை வாசிக்கும்போது, நீங்கள் எழுதி வைத்த ஒரு வரியை மனதில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

நான்காவது: உங்கள் சங்கீதம்

இப்போது நோட்டில் அதே வரிசையில் உங்கள் சொற்களில் எழுதுங்கள். அழைப்பு ஒரு வரி, முறையீடு மூன்று நான்கு வரி, வேண்டுதல் இரண்டு வரி, நம்பிக்கை ஒரு வரி, நன்றி ஒரு வரி. பேச்சுத் தமிழே போதும். பள்ளிக் கட்டணத்தை எடுத்துக்கொண்டால் இப்படி வரலாம்:

“கர்த்தாவே. இந்த வருஷம் இது மூணாவது தடவை. எத்தனை தடவை ஆபீஸ் ரூம் வாசல்ல போய் நிக்கிறது? புள்ள முன்னாடி பேர் சொல்லிக் கூப்பிடுவாங்களோன்னு பயமா இருக்கு. நீங்க பாக்குறீங்களான்னே தெரியல. 7,500 ரூபாய்க்கு வழி காட்டுங்க. நாளைக்குப் பேசப் போறப்போ குரல் உடையாம இருக்க பலம் தாங்க. போன ஜூன்ல வழி காட்டினவர் நீங்கதான். அதுக்கு நன்றி.”

கடைசி இரண்டு வரிகளைக் கவனியுங்கள். நம்பிக்கை வரி பொத்தாம்பொதுவாக “நீர் பெரியவர்” என்று இல்லாமல் நடந்த ஒன்றைப் பிடித்துக்கொள்கிறது. 13-உம் அப்படித்தான் முடிகிறது: “கர்த்தர் எனக்கு நன்மைசெய்தபடியால் அவரைப் பாடுவேன்.” சொந்த வாழ்க்கையில் எதுவும் நினைவுக்கு வரவில்லை என்றால், வேதாகமத்தில் நடந்த ஒன்றை எழுதுங்கள். அதுவும் வரவில்லை என்றால் அந்த வரியைக் காலியாக விட்டுவிடுங்கள். பொய்யாக எழுத வேண்டாம்.

ஐந்தாவது: தாளை நடுவில் கோடு போடுவது

நிறையப் பேர் இதை விட்டுவிடுகிறார்கள். இடப்பக்கம் “நான் செய்ய வேண்டியது”, வலப்பக்கம் “அவரிடம் விட வேண்டியது”. இடப்பக்கம்: நாளை காலை பள்ளியில் இரண்டு தவணையாகக் கட்டலாமா என்று கேட்பது, சித்தப்பாவிடம் பேசுவது, நகையை வைப்பதானால் முதலில் வட்டியை இரண்டு இடத்தில் விசாரிப்பது. வலப்பக்கம்: அவர்கள் என்ன பதில் சொல்வார்கள், மற்றவர்கள் என்ன நினைப்பார்கள், அடுத்த வருஷம் என்ன ஆகும்.

நம்புகிறவர் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் சங்கீதம் 59-இன் தலைப்பைப் பாருங்கள். தாவீதைக் கொல்ல அப்போதைய ராஜா சவுல் ஆள் அனுப்பி வீட்டைச் சுற்றி நிறுத்திய சமயத்தைச் சொல்கிறது. “என் தேவனே, என் சத்துருக்களுக்கு என்னைத் தப்புவியும்” என்று தொடங்குகிறது பாட்டு. அந்த இரவில் நடந்தது 1 சாமுவேல் 19-இல் இருக்கிறது: மனைவி மீகாள் அவனை ஜன்னல் வழியாக இறக்கிவிட்டாள், அவன் தப்பி ஓடினான். ஜெபமும் உண்டு, ஜன்னலும் உண்டு. வீட்டுக்குள் அடி வாங்கிக்கொண்டிருக்கும் பெண்ணிடம் “பொறுமையாக ஜெபம் பண்ணு” என்று மட்டும் சொல்லி அனுப்புவது இந்த வேதப் பகுதிக்கே எதிரானது. அவளுக்கு வேண்டியது முதலில் ஜன்னல். இந்தியாவில் பெண்களுக்கான உதவி எண் 181.

மனச்சோர்வு இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்து, தூக்கமும் பசியும் போய், உயிரோடு இருக்க வேண்டாம் என்ற எண்ணம் வந்தாலும் இதே பேச்சுதான். அந்த எண்ணம் வந்துவிட்டால் இரண்டு வாரம் என்று பார்க்க வேண்டாம், அன்றே பேசுங்கள். இந்தியாவில் 14416, இலங்கையில் 1926. மருத்துவரைப் பார்ப்பதை இடப்பக்கம் எழுதுங்கள். அது விசுவாசக் குறைவு அல்ல.

ஆறாவது: இரவு

படுக்கும் முன் நோட்டைத் திறந்து இடப்பக்கத்தில் முடிந்ததை அடித்துவிடுங்கள். முடியாததற்கு நாளைய தேதி போடுங்கள். வலப்பக்கத்தை ஒரு முறை வாசித்துவிட்டு 4:8-ஐச் சொல்லுங்கள்: “சமாதானத்தோடே படுத்துக்கொண்டு நித்திரை செய்வேன், கர்த்தாவே, நீர் ஒருவரே என்னைச் சுகமாய்த் தங்கப்பண்ணுகிறீர்.” நோட்டை மூடுங்கள். நடு இரவில் விழித்துக்கொண்டு மனம் மறுபடி கணக்குப் போடத் தொடங்கினால் புதிதாக ஜெபம் கட்ட முயலாதீர்கள். அதே வசனம், மெதுவாக, போதும்.

மூன்றே வசனங்கள் கொண்ட 131-ஐயும் இரவுக்கு மனப்பாடம் செய்து வைக்கலாம். “பால்மறந்த குழந்தையைப்போல்” என் ஆத்துமா இருக்கிறது என்கிறார். பால் மறக்கடிப்பது என்னவென்று நம் வீடுகளுக்குத் தெரியும்: வேப்பிலையை அரைத்துத் தடவுவதும், பிள்ளை முகம் சுளித்து, இரண்டு மூன்று இரவு வீட்டையே எழுப்பி அழுவதும். அந்த நாட்கள் கடந்த பிறகு அதே பிள்ளை அதே மடியில் வந்து படுத்துக்கொள்கிறது. இப்போது பாலுக்காக முட்டுவதில்லை. அம்மா இருக்கிறாள், அவ்வளவுதான். கேட்டது கிடைக்காத நிலையிலும் மடியை விட்டுப் போகாத அமைதி அது. அழாத பிள்ளைக்கு வந்த அமைதி அல்ல, அழுது தீர்த்த பிள்ளைக்கு வந்தது.

எங்கே தவறுகிறது

முதல் மூன்று படிகளையும் தாண்டி நேரே நன்றிக்கு ஓடுவது மிகவும் சாதாரணமான தவறு. முறையிட்டால் முறுமுறுப்பு ஆகிவிடும் என்ற பயம். வனாந்தரத்தில் இஸ்ரவேலர் முறுமுறுத்தது கூடாரத்துக்குள், ஒருவரோடொருவர், கர்த்தருக்கும் மோசேக்கும் எதிராக. சங்கீதக்காரர் அதே வலியைக் கர்த்தரிடமே கொண்டுபோகிறார். யாரிடம் சொல்கிறோம் என்பதில்தான் வித்தியாசம்.

இன்னொன்று வாக்குத்தத்த அட்டை. புத்தாண்டு ஆராதனையில் எடுத்த வசனத்தை வீட்டில் ஒட்டி வைப்பது நல்ல பழக்கம்தான். ஆனால் அது ஒப்பந்தப் பத்திரமாகிவிட்டால் ஆபத்து. மத்தேயு 4-இல் தேவாலயத்து உப்பரிகையின்மேல் இயேசுவை நிறுத்தி, குதி என்று சொன்ன பிசாசு மேற்கோள் காட்டியது சங்கீதம் 91-ஐத்தான்: தூதர்கள் உம்மைக் கைகளில் ஏந்திக்கொள்வார்கள் என்று. வசனம் சரி, பயன்படுத்திய விதம் தவறு. இயேசு குதிக்கவில்லை. 91-ஐச் சொல்லிக்கொண்டே மாத்திரையை நிறுத்துவதும், கடன்மேல் கடன் வாங்குவதும் அந்த உப்பரிகையிலிருந்து குதிப்பதுதான்.

“சத்துரு” என்று வரும் இடங்களில் மாமியார் முகமோ ஓரகத்தி முகமோ உடனே வந்து நிற்கும். புதியவர்கள் முதல் மாதம் அந்த இடத்தில் கடனையோ நோயையோ பயத்தையோ வைத்து வாசிப்பது நல்லது. உண்மையிலேயே அநியாயம் செய்த மனிதர் இருந்தால், கோபத்தை அப்படியே கர்த்தரிடம் சொல்லி, தண்டனையை அவர் கையில் விடுங்கள். வாட்ஸாப் ஸ்டேட்டஸில் வசனமாகப் போட்டு அவருக்குக் குத்த வேண்டாம்.

ஒரே கவலையை அரை மணி நேரம் சுற்றிச் சுற்றிச் சொல்லிவிட்டு, ஜெபித்ததாக எழுந்து, முன்னைவிடக் கலங்கிப்போய் இருப்பவர்களும் உண்டு. முறையீட்டுக்கு நான்கு வரி என்று அளவு வைத்ததே இதற்காகத்தான். 42, 43 சங்கீதங்களில் ஒரே வரி மூன்று முறை வருகிறது: “என் ஆத்துமாவே, நீ ஏன் கலங்குகிறாய்?” அங்கே ஒருவர் தன் கவலை பேசுவதைக் கேட்டுக்கொண்டே இருக்காமல் அதனிடம் திரும்பிப் பேசுகிறார். உங்கள் பெயரைப் போட்டு அதைச் சொல்லிப் பாருங்கள்.

நான்கு வாரம் ஆனதும் நோட்டை முதலிலிருந்து புரட்டுங்கள். ஒவ்வொரு முறையீட்டின் பக்கத்திலும் என்ன ஆயிற்று என்று தேதியோடு எழுதுங்கள். “15-ஆம் தேதி 10,000 கட்டினோம், மீதிக்கு மாதக் கடைசி வரை நேரம் கொடுத்தார்கள்” என்பதும் பதில்தான். “இன்னும் இல்லை” என்றால் அதையும் அப்படியே எழுதுங்கள். அடுத்த முறை நம்பிக்கை வரிக்கு என்ன எழுதுவது என்று தேட வேண்டியிருக்காது.

இன்னொருவரோடு உட்காரும்போது

கொஞ்சம் பழகிய பிறகு, ஆஸ்பத்திரியிலோ துக்க வீட்டிலோ ஒருவர் பக்கத்தில் உட்கார வேண்டி வரும். வாசிக்கட்டுமா என்று முதலில் கேளுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம். சரி என்றால் 130-ஐயோ 23-ஐயோ மட்டும் வாசியுங்கள். 23-இல் முதல் மூன்று வசனங்கள் “அவர்” என்று கர்த்தரைப் பற்றிப் பேசும்; மரண இருளின் பள்ளத்தாக்கு வரும் 4-ஆம் வசனத்தில் “தேவரீர் என்னோடேகூட இருக்கிறீர்” என்று அவரிடமே பேசத் தொடங்கும். அந்த இடத்துக்கு வரும்போது குரலைத் தாழ்த்தி, நிதானமாக வாசியுங்கள். முடிந்ததும் விளக்கம் சொல்ல வேண்டாம், எல்லாம் நன்மைக்கே என்று சொல்ல வேண்டாம். புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு, அவர் பேசும் வரை பக்கத்திலேயே இருங்கள்.